9999 இன் 1: பழைய டிவி கேமை மறுபடி எண்ணிப் பார்த்தேன்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "இதில் எத்தனை ஜிபி இருக்கு?" எண் பெரிதாக இருந்தால் பொருளும் பெரியது என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படி ஒருமுறை ஏமாந்தவன்தான். என்னை ஏமாற்றிய எண் 9999.

சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-ஆம் ஆண்டு ஜனவரியில். அந்த வருடக் கோடை விடுமுறையில்தான் எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது. அப்பா நேஷனல் பர்மிட் லாரி டிரைவர். மும்பைக்கு லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வாங்கி வந்தார். இரண்டு டிரிப் பேட்டா காசு அதற்குப் போனது என்று அம்மா பிறகு சொன்னார்கள். பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். கேசட்டின் மேல் பெரிய எழுத்தில் '9999 இன் 1' என்று அச்சடித்திருந்தது.

"கண்ணு, ஒரு நாளைக்கு ஒரு கேம் ஆடினாக்கூட உனக்கு ஆயுசுக்கும் போதும்டா" என்றார் அப்பா. நான் நோட்டில் கணக்குப் போட்டேன். 9999-ஐ 365-ஆல் வகுத்தால் 27 வருடத்துக்கு மேல் வந்தது. தெரு முழுக்க அன்று எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

அந்த 27 வருடம் இப்போது கடந்துவிட்டது. சென்ற ஆண்டு வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணில் அந்தக் கேசட் கிடைத்தது. கூடவே என் பழைய நோட்டும் இருந்தது. அந்தப் பெட்டியில் உண்மையில் என்ன இருந்தது, எது நன்றாக இருந்தது, எது நமக்குக் கிடைக்காமல் போனது என்று இன்றைய அறிவோடு மறுபடி பார்ப்போம். இதில் உங்கள் கம்ப்யூட்டருக்கான பாடமும் உண்டு.

அது என்ன பெட்டி?

நம் ஊரில் 'சாமுராய்', 'லிட்டில் மாஸ்டர்' என்று பல பெயர்களில் இவை விற்றன. வெளித்தோற்றம் வேறு வேறு, உள்ளே இருந்த அமைப்பு ஒன்றுதான். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டு ஜூலை 15-இல் வெளியிட்ட 'ஃபேமிகாம்' என்ற கேம் பெட்டியின் நகல் அது. அசல் பெட்டியின் ஹார்டுவேரை உருவாக்கிய குழுவின் தலைவர் மசாயுகி உயேமுரா. 2021-இல் காலமானார். நிண்டெண்டோ விற்ற அசல் பெட்டிகள் மட்டும் உலகம் முழுக்க 6 கோடியே 19 லட்சம். நம் வீட்டு நகல்கள் இந்தக் கணக்கில் சேராது. எங்கள் தெருவில் நிண்டெண்டோ என்ற பெயரை அப்போது யாரும் சொல்லிக் கேட்டதே இல்லை.

அந்தப் பெட்டியும் ஒரு கம்ப்யூட்டர்தான். உங்கள் மேஜையில் இருப்பதற்கும் அதற்கும் உறுப்புகள் ஒன்றே, அளவுதான் வேறு. பிராசசர் 8 பிட் வகை, வேகம் சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸ். வேலைக்கான ராம் மெமரி 2 கிலோபைட். படத்துக்கு என்று தனியாக ஒரு சிப், அதற்கு இன்னொரு 2 கிலோபைட். உங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் இருந்தால், அது அந்தப் பெட்டியின் 2 கிலோபைட்டைப் போல 40 லட்சம் மடங்குக்கும் அதிகம்.

9999 என்ற கணக்கு

விடுமுறையில் மூன்றாம் நாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மெனுவில் 22-ஆம் எண்ணை அழுத்தினேன். பெயர் புதிது, ஆனால் வந்தது முதல் எண்ணில் இருந்த அதே மரியோ. ஒரே வித்தியாசம், ஆரம்பமே இரண்டாவது உலகத்தில் இருந்தது. நோட்டில் வரிசையாக எழுத ஆரம்பித்தேன். 500 எண் வரை போனேன். மொத்தம் 21 கேம்தான் இருந்தது. மற்றவை எல்லாம் அவற்றின் மறுவேடங்கள்.

இது எப்படி நடந்தது? கேம் ஆரம்பிக்கும்போது 'எத்தனை உயிர், எந்த லெவல்' போன்ற சில எண்களை ராம் மெமரியில் எழுதிக்கொள்ளும். மெனு புரோகிராம் அந்த எண்களை மாற்றி எழுதிவிட்டு அதே கேமை இயக்கிவிடும். லெவல் 1-க்குப் பதில் லெவல் 5 என்று எழுதினால் இன்னொரு 'கேம்' தயார். மெனுவில் ஒரு புதிய வரி சேர்க்கச் சில பைட்டுகள் போதும்.

அன்று எனக்குத் தெரியாத ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985-இல் வந்த கேம். அதன் மொத்த அளவு 40 கிலோபைட். இப்படி 9999 கேம் வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 390 மெகாபைட் தேவை. 1997-இல் பல வீட்டுக் கம்ப்யூட்டர்களின் ஹார்ட் டிஸ்க்கே 2 ஜிபி அளவில்தான் இருந்தது. அந்த விலைக் கேசட்டுக்குள் அவ்வளவு மெமரியை யாராலும் வைத்திருக்க முடியாது. விலையையும் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே விஷயம் புரிந்திருக்கும்.

அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. வரும் விருந்தாளிகளிடம் எல்லாம் அவர் 9999 என்று சொல்லும்போது நான் டிவியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

40 கிலோபைட்டில் எப்படி அடக்கினார்கள்?

இதைத் தெரிந்துகொண்டால் கம்ப்யூட்டரில் படம் என்பது என்ன என்று புரியும். அந்தப் பெட்டியின் திரை 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம். ஒவ்வொரு புள்ளிக்கும் 2 பிட் ஒதுக்கினால்கூட ஒரு திரைப் படத்துக்கு 15 கிலோபைட் ஆகும். 2 கிலோபைட் மெமரியில் அது கொள்ளாது.

எனவே திரையைத் தரை ஓடு பதிப்பது போலப் பிரித்தார்கள். ஒரு ஓடு 8 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். மொத்தம 64 புள்ளி. புள்ளிக்கு 2 பிட் வீதம் 128 பிட், அதாவது 16 பைட். பின்னணிக்கு 256 ஓடு, ஓடியாடும் உருவங்களுக்கு 256 ஓடு. இரண்டும் சேர்ந்து 8 கிலோபைட். திரையில் குறுக்கே 32, மேலிருந்து கீழே 30 ஓடு. எந்த இடத்தில் எத்தனையாவது ஓடு என்று 960 எண்களைக் குறித்து வைத்தால் போதும். நிறக் குறிப்புக்கு இன்னும் 64 பைட். ஆக ஒரு திரை 1 கிலோபைட்டில் முடிந்துவிட்டது.

மரியோவில் வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. அந்தக் கேமை வருடக்கணக்கில் ஆடிய நான் இதைக் கவனிக்கவே இல்லை.

பழி சுமந்த அடாப்டர்

காண்ட்ரா ஆடும்போது குண்டுகள் அதிகம் பறந்தால் உருவங்கள் மின்னி மின்னி மறையும். அடாப்டர் சரியில்லை என்று கடைக்குத் தூக்கிப்போய் இரண்டு முறை மாற்றினோம். அடாப்டர் மேல் குற்றமே இல்லை. படச் சிப்பால் ஒரு கிடைவரியில் 8 சிறு உருவங்களை மட்டுமே காட்ட முடியும். ஒரு ஆள் 16 புள்ளி அகலம் என்றால் அவனுக்கே இரண்டு போய்விடும். எண்ணிக்கை 8-ஐத் தாண்டும்போது மீதி உருவங்கள் தெரியாது. எந்த உருவமும் நிரந்தரமாகக் காணாமல் போகக் கூடாது என்று புரோகிராம் எழுதியவர்கள் முறை வைத்து மாற்றி மாற்றிக் காட்டினார்கள். அதுதான் அந்த மின்னல்.

எக்ஸைட்பைக் கேமிலும் இதே கதை. 1984-இல் வந்தது. அதில் 'டிசைன்' என்ற பகுதிக்குப் போய் மேடு பள்ளம் வைத்து நாமே பந்தயத் தடம் அமைக்கலாம். 'சேவ்', 'லோட்' என்று இரண்டு வரிகளும் இருக்கும். சேவ் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் தடம் இருக்காது. கேசட் டூப்ளிகேட் என்று திட்டினோம். ஜப்பானில் இதற்கென்று டேப் ரெக்கார்டர் போன்ற ஒரு கருவியைத் தனியாக விற்றார்கள். தடத்தை அதில் இருக்கும் டேப்பில்தான் பதிய வேண்டும். நம்மிடம் அந்தக் கருவியே இல்லை.

கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதுவோமே, அதிலும் பலன் இல்லை. கழற்றி மறுபடி மாட்டும்போது பின்கள் சரியாக உட்கார்ந்ததுதான் காரணம். ஊதும்போது எச்சில் ஈரம் பட்டு பின்கள் அரிக்கத்தான் செய்யும். உங்கள் கம்ப்யூட்டரின் ராம் கார்டைக் கழற்றும்போதும் இதை நினைவில் வையுங்கள். ஊதாதீர்கள். சுத்தமான, உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து மாட்டுங்கள்.

நான் சாம்பியன் ஆன ரகசியம்

டாங்கி கேமில் எங்கள் தெருவில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. அதன் உண்மையான பெயர் 'பேட்டில் சிட்டி', நாம்கோ நிறுவனம் 1985-இல் வெளியிட்டது. 35 லெவல். லெவலுக்கு 20 எதிரி டாங்கிகள். 2020-இல் நாம்கோவின் பழைய கேம்களை அந்த நிறுவனமே 'நாம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ்' என்று கம்ப்யூட்டருக்காக வெளியிட்டது. அதன் இரண்டாம் தொகுதியில் பேட்டில் சிட்டி இருந்தது. ஆசையாக வாங்கி ஆடினேன். மூன்றாவது லெவலிலேயே தோற்றேன்.

வயதாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஜப்பான் டிவி முறையான என்.டி.எஸ்.சி.யில் வினாடிக்கு 60 முறை படம் மாறும். நம் நாட்டு பி.ஏ.எல். முறையில் 50 முறை. அந்தக் காலக் கேம்கள் பெரும்பாலும் படம் மாறும்போதெல்லாம் ஒரு அடி நகரும்படி எழுதப்பட்டவை. பி.ஏ.எல். டிவிக்காகச் செய்த பெட்டியில் அவை ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். அசலில் 60 வினாடியில் முடிவது எங்கள் வீட்டில் 72 வினாடி எடுத்துக்கொண்டது. மரியோ பாட்டும் எங்கள் வீட்டில் அதேபோல நிதானமாகத்தான் ஒலித்தது. நான் மெதுவான கேமின் சாம்பியன்!

எது தேறியது, எது தேறவில்லை?

என் நோட்டில் இருந்த 21 கேம்களையும் மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தேன்.

இன்றும் தேறுபவை: பேட்டில் சிட்டி முதலிடம். இருவர் சேர்ந்து ஒரே கழுகைக் காப்பாற்ற வேண்டும், சண்டையும் சமாதானமும் சோபாவிலேயே நடக்கும். 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' பகுதியில் செங்கல், இரும்பு, தண்ணீர் வைத்து நாமே களம் அமைக்கலாம். இன்று கம்ப்யூட்டர் வேலை செய்து பிழைக்கிறேன் என்றால், அதன் முதல் பாடம் அங்கேதான். கரண்ட் போனால் கட்டிய களம் போய்விடும். ராம் மெமரியில் இருப்பது மின்சாரம் இருக்கும்வரைதான் என்று ஆசிரியர் சொல்வதற்கு முன்பே நாமக்கல் பவர்கட் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. அடுத்து சூப்பர் மரியோவும் எக்ஸைட்பைக்கும்.

நினைவில் மட்டும் இனிப்பவை: வாத்து சுடும் 'டக் ஹன்ட்', பனிமலை ஏறும் 'ஐஸ் கிளைம்பர்'. பத்து நிமிடம் ஆடலாம், பிறகு அலுத்துவிடும். டக் ஹன்ட் துப்பாக்கியோ இன்றைய எல்இடி டிவியில் வேலையே செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும். பழைய குழாய் டிவியின் வேகத்தை நம்பிச் செய்த ஏற்பாடு அது.

என் கைக்கு வராதவை: இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. அந்தப் பெட்டிக்கு வந்த மிகச் சிறந்த கேம்கள் பல என் கேசட்டில் இல்லவே இல்லை. 1986-இல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா', 1988-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3', 1993-இல் வந்த 'கிர்பிஸ் அட்வென்ச்சர்'. காரணம் அளவுதான். சாதாரணக் கேசட்டில் புரோகிராமுக்கு 32, படத்துக்கு 8 என்று 40 கிலோபைட் வரைதான் போக முடியும். அதற்கு மேல் வேண்டும் என்றால், மெமரியைப் பகுதி பகுதியாக மாற்றித் தரும் கூடுதல் சிப் கேசட்டுக்குள் இருக்க வேண்டும். மரியோ 3-இன் அளவு 384 கிலோபைட். கிர்பி 768 கிலோபைட். அமெரிக்காவில் விற்ற செல்டா கேசட்டில் ஆட்டத்தைச் சேமிக்க ஒரு பேட்டரியே இருந்தது. மலிவுக் கேசட் செய்தவர்கள் கூடுதல் சிப் தேவைப்படாத பழைய சிறு கேம்களாகப் பொறுக்கி எடுத்தார்கள். என் 21 கேம்களும் 1983 முதல் 1986 வரை வந்தவை. நூலகத்தின் முதல் அலமாரியை மட்டும் பார்த்துவிட்டு முழு நூலகத்தையும் படித்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மரியோவை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ, அதற்கு இசை அமைத்த கோஜி கோண்டோ என்ற பெயர்கள் எங்கள் பெட்டியில் எங்குமே இல்லை. அப்பா கொடுத்த பணத்தில் ஒரு பைசாகூட அவர்களுக்குப் போகவில்லை. அன்று எங்களுக்கு அது தெரியாது. இன்று தெரிகிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம்?

1. பழைய கேம் ஆட வேண்டுமா? உரிமை உள்ள நிறுவனங்களே வெளியிட்ட தொகுப்புகளைத் தேடுங்கள். நாம்கோ தொகுப்பைச் சொன்னேன். கோனாமி நிறுவனமும் 2019-இல் காண்ட்ரா தொகுப்பு ஒன்றை வெளியிட்டது.

2. பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராமுக்கு எமுலேட்டர் என்று பெயர். 'எஃப்சிஇயுஎக்ஸ்', 'மெசன்' இரண்டும் இலவசம். எமுலேட்டர் வைத்திருப்பது தவறல்ல, ஆனால் பழைய கேம்களின் நகலை உரிமையின்றி இறக்குவது தவறு. அந்தப் பெயரில் வைரஸ் வருவதும் உண்டு. இந்தப் பழைய பெட்டிக்காக இன்றும் புதிதாகக் கேம் எழுதுகிறார்கள். 'நோவா தி ஸ்குயிரல்' போல இலவசமாகத் தருபவற்றை ஆடிப் பாருங்கள். 2019-இல் வந்த 'மைக்ரோ மேஜஸ்' அதே பழைய 40 கிலோபைட்டில் அடங்கியது, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

3. எஃப்சிஇயுஎக்ஸ் புரோகிராமில் 'கன்ஃபிக்' மெனுவில் 'ரீஜன்' என்று இருக்கும். அதில் 'டெண்டி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் 50 முறை கணக்கில் ஓடும். டெண்டி என்பது ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர். 60-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

4. இதுதான் முக்கியம். 9999 இன்றும் விற்பனையில் இருக்கிறது, வேறு வேடத்தில். சில நூறு ரூபாய்க்கு '2 டிபி பென் டிரைவ்' என்று வந்தால் நம்பாதீர்கள். உள்ளே சிறிய சிப்பை வைத்து, கம்ப்யூட்டரிடம் பெரிய அளவைப் பொய்யாகச் சொல்லும்படி செய்திருப்பார்கள். முதல் சில ஜிபி வரை எல்லாம் சரியாக இருக்கும். அதன் பிறகு போடும் போட்டோக்கள் அழிந்துபோகும். புது டிரைவ் வாங்கியதும், அது காலியாக இருக்கும்போதே, 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவசப் புரோகிராமை இயக்குங்கள். அது டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள். குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கல்யாண போட்டோக்களை ஏற்றிய பிறகு கண்டுபிடிப்பதில் பயன் இல்லை.

நோட்டைக் காட்டினேன்

பரணில் கிடைத்த நோட்டை ஒருநாள் அப்பாவிடம் காட்டினேன். இப்போது அவர் லாரி ஓட்டுவதில்லை. "அப்பா, அந்தக் கேசட்டில் 9999 கேம் இல்லீங்கப்பா. 21தான். அப்பவே எனக்குத் தெரியுமுங்க" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். 'ரோடு ஃபைட்டர்' என்ற வரியில் விரல் நின்றது. 400 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டி, பெட்ரோல் தீர்வதற்குள் எல்லையைத் தொட வேண்டும் என்ற கோனாமி கேம் அது. வழியில் லாரியில் மோதினால் கார் நொறுங்கிவிடும். டிரிப் முடிந்து வந்த இரவுகளில் அப்பா என்னோடு உட்கார்ந்து ஆடிய ஒரே கேம் அதுதான்.

"எனக்கும் தெரியும் கண்ணு. நான் வாங்கும்போதே கடைக்காரன்கிட்டக் கேட்டேன், அவன் சிரிச்சான். நீ எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிப்பியான்னு நானும் பார்த்துட்டே இருந்தேன்" என்றார்.

21 கேமில் எது தேறியது என்ற என் பட்டியலில் ரோடு ஃபைட்டர் இல்லை. அன்று மாலை அதைச் சேர்த்துக்கொண்டேன்.